அருமைநாயகம் எடுத்த சுருதி

ரங்கூன், 1911

பிரிய நாயகி பாக்கியவதிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் இருமல் தேவலையா?

நம் பாளையங்கோட்டை அருமைநாயகம் இந்த அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். ஞாயிறன்று ஆர்மோனியம் இல்லாமலே ஒரு கீர்த்தனை பாடினான். கேட்டதும் திடுக்கிட்டேன். அது உன் சுருதி.

"ஏலே, இந்தச் சுருதி உனக்கு எப்படி வந்துச்சு?"

"கோயில்ல மதினி எடுக்குத சுருதிதான் அண்ணாச்சி. ஒரு தரம் கேட்டா எனக்கு மறக்காது."

எனக்கு வயிறு எரிந்தது. உன் முகம் நினைத்தவுடன் வருகிறது; குரல் வருவதில்லை. அவனுக்கு வருகிறது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. நேற்று நானே போய், "இன்னொரு தரம் பாடுலே" என்றேன். அவன் முகம் தெரியாதபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

சுக்கும் கருப்பட்டியும் அனுப்பு. எனக்கு முன்னே அவன் ஊர் திரும்பினால், கோயிலில் அவன் காதில் விழாதபடி பையப் பாடு. தபால் கப்பல் புறப்படப் போகிறது.

உன்,
ஞானாபரணம்