இடது பக்கத்து எண்

பிப்ரவரி 15, சனி

காலை ஒன்பது மணிக்குக் கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு ஒன்று எழுதினேன். என் கணவன் லைல் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தான். ஒரு பகுதிக்கு முப்பத்தைந்து நிமிடம். மூன்றாவது பகுதியில் ஆறு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை.

கடிகாரம் நின்றபின், விடைகளைப் பார்க்காமல், சந்தேகமானவற்றை எல்லாம் சாவகாசமாக மறுபடி போட்டேன். காப்பி குடித்துக்கொண்டு, நடுவில் ஜன்னல் வழியே ஏரியையும் பார்த்துக்கொண்டு. இதற்கு மறுபார்வை என்று பெயர். எங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்வது. இதை யாரும் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை. ஆனாலும் நோட்டில் இரண்டையும் எழுதுவது வழக்கம். இடது பக்கம் கடிகாரத்தோடு வந்தது: 151. வலது பக்கம் மறுபார்வையில் வந்தது: 166.

சட்டக் கல்லூரி மாலை வகுப்புக்கு நுழைவுத் தேர்வில் 180-க்கு 156 வேண்டும். ஏப்ரல் 11 தேர்வு. இன்னும் எட்டு வாரம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

ட்ரூடியும் சனிக்கிழமை அதே தேர்வைத்தான் எழுதியிருந்தாள். அவள் நீதிமன்றத்தில் மனு வாங்கும் கவுன்ட்டரில் இருக்கிறாள், நான் மேல்மாடியில் சுருக்கெழுத்து எந்திரத்தில். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் இறங்கினோம் - நாற்பது வயதில் வக்கீலாவது. மதியம் சாப்பாட்டு அறையில் கேட்டாள்:

“என்னடி, எவ்வளவு வந்துச்சு?”

நோட்டைத் திறந்தேன். கண் வலது பக்கம் போனது.

“நூத்தி அறுபத்தாறு.”

அவள் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டாள். “அடிப்பாவி! எனக்கு நூத்தி அம்பத்தஞ்சுதான். அதுக்கே காலைலேருந்து என்னை நானே மெச்சிட்டு இருந்தேன்.”

அவளுடையது கடிகாரத்தோடு வந்தது. அவள் என்னைவிட நான்கு அதிகம். அது எனக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பொய் சொல்லவில்லை, நோட்டில் இருந்த எண்ணைத்தானே படித்தேன் என்று வீடு வரும் வழியெல்லாம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பதினாறு வருடமாகச் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் உண்மை, முழு உண்மை என்று கையைத் தூக்குவதைப் பார்க்கிறேன். அந்த ‘முழு’ எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 19, புதன்

சொல்லிவிடலாம் என்று கவுன்ட்டருக்குப் போனேன். எனக்காக ப்ளூபெர்ரி மஃபின் கொண்டுவந்திருந்தாள். தின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ட்ரூடி லைலைக் கடையில் பார்த்தாளாம். பார்த்தவள் சும்மா வருவாளா?

இன்று லைலின் கப்பல் கூட்டாளிகள் மூன்று பேர் சீட்டாட வந்தார்கள். ஏரி உறைந்து குளிர்காலம் முழுக்கக் கப்பல் துறையில் கட்டிக் கிடக்கிறது, இவர்களுக்கு வேறு வேலை என்ன? ஆட்டம் முடிந்ததும் லைல் சமையலறையிலிருந்து ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைக் கிரீம், அதன் மேல் நீல எழுத்தில் 166.

“இருபது வருஷமா ஒரு மேதாவியோட குடித்தனம் பண்றேன், எனக்கே இப்பத்தான் தெரியுது!” என்றான். கூட்டாளிகள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர், “எங்க யூனியன் கேஸையும் நீதான் எடுக்கணும் மாரிட்,” என்றார்.

எனக்கு அறுபத்தாறு இருந்த துண்டை வெட்டித் தந்தார்கள். அந்த மூன்று இலக்கத்தில் நிஜமானது முதல் ஒன்று மட்டும். அதை லைல் தின்றான்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 8, சனி

இடது 152. வலது 167.

மூன்று வாரம் படித்து ஒரு மதிப்பெண். ட்ரூடிக்கு 154, ஒன்று குறைந்துவிட்டது. ஃபோனில் அவள் குரலே சரியில்லை. “உனக்கு?” என்று கேட்டாள். “அதே மாதிரிதான்” என்றேன். பார், எவ்வளவு சாமர்த்தியம்! குறுக்கு விசாரணையில்கூடப் பிடிக்க முடியாத பதில்.

மார்ச் 15, சனி

தேர்வை ஜூனுக்குத் தள்ளிப்போடலாமா?

நியாயமாகப் பார்த்தால் தள்ளத்தான் வேண்டும். 152-ஐ வைத்துக்கொண்டு ஏப்ரலில் உட்காருவது முட்டாள்தனம். இந்த வருடச் சேர்க்கை போய்விடும், போகட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. தேதி மாற்ற மார்ச் 27 கடைசி.

ஆனால் 166 வாங்குகிறவள் எதற்குத் தள்ளிப்போடுகிறாள்? லைல் கேட்பான். ட்ரூடி கேட்பாள். பரிந்துரைக் கடிதம் கொடுத்த நீதிபதி, போன வாரம் நடைவழியில் நிறுத்தி, “அந்த எண்ணுக்கு மினியாபொலிஸ் பெரிய கல்லூரியிலேயே இடம் கிடைக்குமே,” என்றார். அவர் காதுவரை போயிருக்கிறது.

உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். முதுகுவலி. வேலைப் பளு. உட்கார்ந்து பட்டியல் போட்டேன் - ஏழு காரணம் வந்தது, ஏழும் பொய். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஏழா? சீ!

மார்ச் 22, சனி

லைல் கப்பலுக்குக் கிளம்பிவிட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “ஏப்ரல் பதினொண்ணு. எந்த ஏரியில இருந்தாலும் சாயங்காலம் ஃபோன் பண்ணுவேன். எப்படி எழுதினன்னு சொல்லணும்,” என்றான்.

“லைல்...” என்றேன்.

“என்ன?”

“கையுறையை மறந்துட்ட.”

எடுத்துக் கொடுத்தேன். மறந்திருக்கவில்லை, இன்னொரு ஜோடி அவன் பையில் இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

ட்ரூடி என்னோடு படி ஏறி வந்தாள். மேல்மாடியில் அவளுக்கு வேலை எதுவும் கிடையாது.

“மாரிட், நான் இந்தத் தடவை எழுதலன்னு இருக்கேன்.”

“ஏன்?”

“உன்கூட உக்காந்து படிக்கப் படிக்கத்தான் நான் எவ்வளவு மக்குன்னு தெரியுது. அதே புத்தகம், அதே ராத்தூக்கம் கெட்டது. உனக்கு அறுபத்தாறு, எனக்கு அம்பத்தி நாலு. வராத ஒண்ண எதுக்குப் பிடிச்சுத் தொங்கணும்?”

“உதவித்தொகைக்கு ஏப்ரல்தானே கடைசி?”

“ஆமா. போவுது போ.”

நான் சொன்னது இவ்வளவுதான்: “அப்படியெல்லாம் இல்ல, ட்ரூடி.” மூன்று சொல். பதினாறு வருடம் ஊரார் பேச்சை ஒரு ‘ம்’ விடாமல் எழுதியவளுக்குத் தன் வாயிலிருந்து ஒரு எண்ணை எடுக்க முடியவில்லை. நீதிபதி வந்துவிட்டார் என்று ஓடினேன். அவர் வரவில்லை.

என் தேர்வு, என் தேதி, என் மானம் என்றே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். இது அவள் தலையில் போய் விடியும் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா?

மார்ச் 27, வியாழன்

காலையில் தேதி மாற்றும் பக்கத்தைத் திறந்தேன். ஜூன் என்று தேர்ந்தெடுத்தும்விட்டேன். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. முதலில் ட்ரூடியிடம் சொல்லிவிட்டுத்தான் இதை அழுத்துவது என்று மூடிவைத்தேன்.

மதிய இடைவேளையில் பின்படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததை எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதுகிறேன்.

நான்: அந்த நூத்தி அறுபத்தாறு மறுபார்வை நம்பர்.

ட்ரூடி: என்னது?

நான்: கடிகாரத்தோட வந்தது இல்ல. நோட்டுல வலது பக்கம் இருந்ததைச் சொன்னேன்.

(ட்ரூடி படியில் உட்கார்ந்தாள்.)

நான்: அப்புறம் சொல்லலாம்னு பார்த்தேன். முடியல. வெக்கமா இருந்துச்சு.

ட்ரூடி: இடது பக்கம் என்ன இருந்துச்சு?

(வாய்க்குள் முணுமுணுத்தேன்.)

ட்ரூடி: காதுல விழல. சுருக்கெழுத்தாளர் கடைசிப் பதிலைத் திரும்ப வாசிக்கலாம்.

அப்படியே நீதிபதியின் குரலில் சொன்னாள். சிரிக்கவில்லை.

நான்: நூத்தி அம்பத்தி ஒண்ணு. ரெண்டாவது தடவை, அம்பத்தி ரெண்டு.

ட்ரூடி: அப்ப ரெண்டு தடவையும் நான்தான் உன்னைவிட மேல.

நான்: ஆமா.

ட்ரூடி: இன்னிக்குக் காலைல, வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே, ஜூனுக்கு மாத்திட்டேன்.

உடனே தேர்வு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். கையில் ஃபோனைப் பிடித்திருந்தது அவள், கெஞ்சியது நான். மாற்றியதை மறுபடி மாற்ற முடியாதாம். உதவித்தொகை போயிற்று. அவளுக்கு ஒரு வருடம் போயிற்று.

“நீயும் தள்ளிப்போடப் போறியா?” என்று கேட்டாள்.

“போடலாம்னுதான்...”

“போடாதே. போய் எழுது. அந்த இடது பக்கத்து நம்பர் வரட்டும். கேக்குல எழுதி ஊருக்கெல்லாம் கொடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். அழுதது அவள், நான் இல்லை. அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜூன் என்று இருந்ததை எடுத்துவிட்டு, பக்கத்தை மூடினேன். ஏப்ரல் 11 அப்படியே இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

லைலிடம் ஃபோனில் சொன்னேன். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “அப்ப அந்தக் கேக்கு?” என்றான். சிரிப்பான் என்று நினைத்தேன்.

“நூத்தி அம்பத்தி ஒண்ணுன்னாலும் கேக்கு வாங்கியிருப்பேனே மாரிட். ஏன் எங்கிட்ட சொல்லல?”

இதற்கு என்னிடம் எட்டாவது காரணம்கூட இல்லை.

ஏப்ரல் 2, புதன்

நீதிபதியிடமும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடிதத்தில் நான் எண் எதையும் எழுதவில்லை,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாள் முழுக்க அவர் பேசியதை நான் அடித்தேன், என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதினேன். மூன்றாவது பகுதியில் நான்கு கேள்விகள் மிச்சம். லைல் சொன்னபடி கூப்பிட்டான். “நாலு விட்டேன்” என்று அவன் கேட்கும் முன்பே சொன்னேன்.

ட்ரூடி பேசுவதில்லை. மஃபின் டப்பா மேல்மாடிக்கு வருவதில்லை.

ஏப்ரல் 30, புதன்

காலை எட்டு மணிக்கு வந்துவிட்டது. 154.

156 இல்லை. கல்லூரி இல்லை, இந்த வருடம் இல்லை. ஏப்ரலில் உட்காருவது முட்டாள்தனம் என்று மார்ச்சிலேயே எழுதியிருக்கிறேன், அது சரிதான். ஆனாலும் வருத்தத்தைவிட, இனி யார் கேட்டாலும் நான் பயப்பட வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

ஒரு வெள்ளைத் தாளில் என் பெயர், தேதி, 154. மதியம் கவுன்ட்டர் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் வேகமாக வண்டி ஓட்டி மாட்டியவர் ஒருவர், நாய் லைசென்ஸ் தகராறு ஒன்று. என் முறை வந்ததும் கண்ணாடிக்குக் கீழே தாளைத் தள்ளினேன்.

ட்ரூடி படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவையாக.

“இடது பக்கமா, வலது பக்கமா?”

“இடது.”

எல்லா மனுவுக்கும் செய்வது போல ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, என் எண்ணுக்குப் பக்கத்தில் குத்தினாள். பெறப்பட்டது, ஏப்ரல் 30. பிரதி எடுத்து ஒன்றைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். ஒன்றை என்னிடம் தள்ளினாள்.

“சனிக்கிழமை ஒம்பது மணிக்கு எங்க வீட்டுல மாதிரித் தேர்வு. கடிகாரம் என் கையில இருக்கும்,” என்றாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

“அடுத்தவங்க வாங்க.”