மேலே இருந்த கார்ட்ரிஜ்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் இந்த வரியைப் படித்துவிட்டுக் கிழி: படங்களை நீ அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன். அழிந்தது அத்தனையும் நேற்றுத் திரும்பிவிட்டது. உன் அக்கா சுகம். ஐந்து மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் என் முகம் பார்த்துச் சிரித்தாள்.

நீ வெளியூர் வேலைக்குப் போன மறுநாள் போனில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இழுப்பறையில் படங்களைச் சேமிக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க் கார்ட்ரிஜ் இருக்கிறது, மேலே இருப்பது புதுசு, அதைக் கம்ப்யூட்டரில் செருகி ஃபார்மட் செய்யுங்கள், கீழே இருப்பதை அதில் நகல் எடுக்க வேண்டும் என்றாய். ஆறு வருஷம் நம் தையல் கடைக்கு நீ வரைந்த, பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டும் படங்கள் எல்லாம் அந்தக் கீழே இருந்ததில்.

அன்று காலையில்தான் நான் அந்த இழுப்பறையை ஒழுங்குபடுத்தியிருந்தேன். கடைக்காரன் புத்தி. பழைய சரக்கு மேலே, புதுச் சரக்கு அடியில். அப்போதுதான் பழசு முதலில் போகும். போய்விட்டது. அடுக்கியதை மறந்து, நீ சொன்னபடி மேலே இருந்ததைச் செருகினேன். எல்லாம் அழியும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்தது. புதுசில் அழிய என்ன இருக்கிறது என்று சம்மதம் கொடுத்தேன். பிறகு மற்றதைச் செருகினால் படிக்க முடியவில்லை என்றது. உடனே உனக்குப் போன் போட்டு, அழித்துவிட்டு எதிர்க்கடைக்குக் கொடுத்துவிட்டாய் என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய்.

உன் அக்கா அன்றே கேட்டாள்: "எந்தம்பி தன்னோட கத்தரிக்கோலையே மறந்து வச்சுட்டுப் போனவன். உங்க படத்தையா தூக்கிட்டுப் போவான்?" எனக்கு உறைக்கவில்லை.

பள்ளி திறக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. தொள்ளாயிரம் சீருடைக்கு ஆர்டர், கையில் ஒரு படம் இல்லை. வேறு வழியின்றிக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இரண்டையும் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "புதுசை நீங்க ஃபார்மட்டே பண்ணல முதலாளி, அதான் அது படிக்கல. பழசைத்தான் ஃபார்மட் பண்ணியிருக்கீங்க. படம் அழியல. சரக்கு குடோன்லயேதான் இருக்கு, பட்டியலைத்தான் கிழிச்சிருக்கீங்க. அப்புறம் இதுல எதையாவது ஏத்தினீங்களா?"

எங்கே ஏற்றுவது? ஆத்திரத்தில் இரண்டையும் இழுப்பறையில் எறிந்து பூட்டியவன், பிறகு திறக்கவே இல்லை. ஏற்றியிருந்தால் போனது போனதுதானாம். என் கோபம் எனக்கு லாபம் தந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பட்டியலை மீட்டதும் இருபத்தெட்டாம் அளவு சட்டையை அச்செடுத்தோம். கட்டிங் மாஸ்டர் காகிதத்தை விரலால் தடவினார். "தம்பி போட்டதுதான். காலர்ல அந்த வளைவு இருக்கு பாருங்க" என்றார். நான் கணக்குப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

புதுசை மெக்கானிக்கே ஃபார்மட் செய்து நகல் எடுத்துக் கொடுத்தார். அது எனக்குப் போதும். பழசை இதோடு பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். உன் உழைப்பு உன்னிடம் இருக்கட்டும். எதிர்க்கடைக்குக் கொடுத்தாலும் கேட்க மாட்டேன்.

கத்தரிக்கோலை மட்டும் அனுப்பவில்லை. அது உன் மேசைமேலேயே இருக்கிறது. அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். லீவு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போகவாவது ஒரு நடை வா.

இப்படிக்கு,
மேல் எது, கீழ் எது என்று இப்போது தெரிந்துகொண்ட
உன் அத்தான்