பள்ளத்தாக்கில் மூன்று பாஷை

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி கும்பிட்டு எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் சுகமா?

இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலைப்பக்கம் ஒரு பாஷை, சமவெளியில் ஒரு பாஷை, சந்தையில் இரண்டும் கலந்து ஒரு பாஷை. மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்க்க நானில்லாமல் அணைக்கட்டு இன்ஜினியர் வாயே திறப்பதில்லை.

போன மாதம் மலையோர ஊரில் கூட்டம். "அணை வந்தா ஊர் மூழ்கிடும், காலி பண்ணச் சொல்லுய்யா" என்றார் இன்ஜினியர். மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்வானேன்? "ராஜா காலத்திலிருந்து இந்த ஆத்தோட வாழ்ந்தவங்க நீங்க. இதே கரையில, மேட்டுல, ஓட்டுவீடு கட்டித் தராங்க" என்று கொஞ்சம் சேர்த்துவிட்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், அக்கா!

நேற்று அவர்களை லாரியில் கொண்டுபோய் இறக்கினோம். மொட்டைப் பாறை. ஆறு கண்ணுக்கே தெரியவில்லை. படகுக்காரர் துடுப்போடு இறங்கி, "இதை எங்கய்யா போடுறது?" என்று என்னைக் கேட்டார்.

"என்ன சொல்றான்?" என்றார் இன்ஜினியர்.

"நன்றி சொல்றாருங்க" என்றேன்.

அது கிடக்கட்டும். ஒரு போர்வையும் தலைவலித் தைலமும் அனுப்பு. பிள்ளைகளை மாமாவுக்கு நாலு வரி எழுதச் சொல். இங்கே மூன்று பாஷையிலும் என்னோடு பேச ஆளில்லை.

லாரி ஹாரன் அடிக்கிறது. இன்னொரு ஊரில் கூட்டமாம்.

உன் தம்பி