வரிப்பணத்தில் ஒரு சிரிப்பு

அண்ணா,

இன்று வடமாலபேட்டையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த பேப்பரில், அரசு வானொலிக்கு வரிப்பணம் கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சிக்காரர்கள் மோதிக்கொண்ட செய்தி. எண்ணெய் ஊறிய அந்த எழுத்துகளைப் படித்துவிட்டு ரோட்டில் நின்றபடியே சிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால் இருவரையும் ஒரு பிடி பிடித்திருப்பீர்கள்.

நம் முதல் சந்திப்பே சண்டைதான். திருப்பதி வானொலியின் தமிழ் அரைமணி நேர நிகழ்ச்சிக்குப் பேட்டி எடுக்க, மைக்கோடு பாலசமுத்திரத்தில் உங்கள் மாந்தோப்புக்கு வந்தேன். நான் உரத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள்.

"அரசாங்கம் துட்டு குடுத்துக்கினு இருந்தா, ரேடியோ அவங்க பாட்டத்தானே பாடும்? கையில போன் இருக்கசொல்ல இது எதுக்கும்மா?"

இதை நிலையத்துக்கே வந்து நேரலையில் சொல்லுங்கள் என்றேன், ரோஷத்தில். விடமாட்டார்கள் என்றீர்கள். உள்ளூர எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

எங்கள் தெலுங்கு அதிகாரியோ, பேசட்டும் என்பதை ஒரே சொல்லில், "மாட்லாடனீ" என்று முடித்துவிட்டார். சலவைச் சட்டையில் வந்து பத்து நிமிடம் எங்களைக் கிழித்தீர்கள். யாரும் நிறுத்தவில்லை. பிறகு வெதுருகுப்பத்திலிருந்து ஒரு அக்கா போனில் வந்தார்.

"அண்ணா சொல்றது ஞாயந்தான். ஆனா இந்த ரேடியோ இல்லாட்டி, மாடு மேய்ச்சிக்கினே நான் இத எங்க கேட்டிருப்பேன்?"

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அத்தனையும் ஒலிபரப்பானது. "நல்லா மாட்டிக்கினேம்மா" என்றதும் சேர்த்து.

அடுத்த ஆண்டு, நிதி போதவில்லை என்று தமிழ் அரைமணி நேரத்தை நிறுத்தும் பேச்சு வந்தது. புத்தூரில் நேயர்களோடு கூடினோம். நான் எதிர்பார்க்கவே இல்லை, நீங்கள் முதல் வரிசையில் இருந்தீர்கள். மேடையில் இருந்த கட்சித் தலைவர்களைப் பார்த்து, "துட்டு குடுங்க. குடுத்துட்டு இன்னா பேசணும்னு சொல்லாதீங்க" என்றீர்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. நிகழ்ச்சி பிழைத்தது.

அதற்காக எங்களை விட்டுவிடவில்லை. போன மாசி வரை மாதம் தவறாமல் போன் செய்து குறை சொன்னீர்கள். நீங்கள் போன துக்கம் கேட்க வந்தபோது, உங்கள் வீட்டில் எங்கள் நிகழ்ச்சி நேரத்துக்கு அண்ணி ரேடியோவைப் போட்டிருந்தார்.

இப்போதும் எங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைத் தேடிப்பிடித்து மைக் முன்னால் உட்கார வைக்கிறேன். போன வாரம் வந்த சத்தியவேட்டுக் கல்லூரிப் பெண், என் குரலைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்றாள். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அதிகாரி என்னைப் பார்த்தார்.

"பேசு கண்ணு," என்றேன், "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது."