பல்செட்டும் பன்னிரண்டு தட்டும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று அளவெடுத்தார்கள். பல் டாக்டர் ஒரு வளைந்த தட்டில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து மேலண்ணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூக்கால மூச்சு விடுங்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்றார். அந்த இரண்டு நிமிடத்தில் பிறந்ததிலிருந்து நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மாவுக்கு ஸ்ட்ராபெர்ரி வாசனையாம். ஸ்ட்ராபெர்ரியைக் கண்ணால் பார்க்காத யாரோ போட்ட வாசனை அது. வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போதும் என் தொழில்புத்தி போகவில்லை.

மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லாமல் மூன்று மாதம் ஆகிறது. ஈறில் ரத்தம் வந்தபோதே போயிருக்க வேண்டும். தானாகச் சரியாகிவிடும் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்து, கடைசியில் எதையும் காப்பாற்ற முடியவில்லை. கீழ்வரிசை மட்டும் என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது.

மற்றவர்களுக்குப் பல் போனால் பல்லோடு போயிற்று. எனக்குப் பிழைப்பே கடிப்பதுதான். பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ருசி மேஜையில் உட்கார்ந்தவள். அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, 'போகலாம்' அல்லது 'திரும்பட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே எனக்கு நீதிபதி என்று பெயர். இந்த மூன்று மாதமாக நீதிபதி பேக்கிங்கில் உட்கார்ந்து லேபிள் கோணலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 25 அன்று ருசி மேஜைக்காரர்களுக்கு வருடாந்தரத் தேர்வு. பன்னிரண்டு தட்டு வரும். ஒவ்வொன்றிலும் மூன்று பிஸ்கட். இரண்டு ஒரே மாதிரி, ஒன்று மட்டும் வேறு. அந்த வேறானதைக் கடித்துச் சொல்ல வேண்டும். ஒன்பது சரியாக வந்தால் நாற்காலி எனக்கு. வராவிட்டால் ஓய்வு பெறும்வரை லேபிள்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். "ஏன், தும்மல் வருதா?" என்றாள்.

பிப்ரவரி 18, புதன்

இன்று மெழுகில் பல்லைப் பதித்து மாட்டிக் காட்டினார்கள். ஒத்திகை மாதிரி. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடலாம்.

முதலில் நிறம். விசிறிபோல விரியும் ஒரு மாதிரிப் பல் கொத்தை நீட்டினார் டாக்டர். இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டேன். "அது டியூப்லைட் போட்ட மாதிரி தெரியும்மா. உங்க கீழ்ப்பல்லுக்கு இதுதான் சேரும்" என்று வெண்ணெய் நிறத்தில் ஒன்றைக் காட்டினார். பார்த்தால் எங்கள் பால் பிஸ்கட் சரியான பதத்தில் வெந்து வரும் நிறம். சரி என்றுவிட்டேன்.

வீட்டுக்காரரும் வந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. சட்டைப் பையிலிருந்து என் பழைய போட்டோ ஒன்றை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "இந்தப் பக்கம் ஒரு பல்லு கொஞ்சம் முன்னாடி வந்து இருக்கும் டாக்டர். அதையும் அப்படியே வெச்சுடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எந்தப் போட்டோவிலும் அந்தத் தெத்துப்பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். புதிதாகக் கட்டும்போதாவது ஒழுங்காகக் கட்டக் கூடாதா? "அது எதுக்குங்க?" என்றேன்.

"அது இல்லாட்டி வேற யாரோ மாதிரி இருப்பே" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே மெழுகைச் சூடு காட்டி அந்த ஒரு பல்லை லேசாகத் திருப்பினார். மறுபடி மாட்டிவிட்டார். மெழுகுப் பல்லை மாட்டிக்கொண்டு அழுதால் என்ன ஆகுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

பல்செட் வந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே மடிந்து கிடந்த மேலுதடு நிமிர்ந்து நிற்கிறது. கன்னத்தில் விழுந்திருந்த பள்ளம் போய்விட்டது. மூக்கும் மோவாயும் மூன்று மாதமாக ஒன்றையொன்று தொடப் பார்த்துக்கொண்டிருந்தன, இரண்டும் தள்ளிப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. நான்தான். சந்தேகமே இல்லை, நானேதான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுத்து ஒருவர் காத்திருக்கிறார் என்று நர்ஸ் மெதுவாக நினைவூட்டினாள்.

வீட்டுக்காரர் வேனை ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெருவைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டார். இருபத்தாறு வருடமாகத் தப்பாமல் திரும்பும் தெரு அது.

பிப்ரவரி 28, சனி

வாய் நிறைய எச்சில். எதைச் சொன்னாலும் கூடவே ஒரு விசில். காய்கறிக் கடையில் பேசவே இல்லை, விரலால் காட்டியே எல்லாம் வாங்கினேன்.

மார்ச் 3, செவ்வாய்

இடது பக்கம் ஈறில் புண். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். கடித்தால்தானே வலி.

டாக்டர் மையைத் தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, பல்செட்டில் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். மாட்டியதும் பாதி வலி போன இடம் தெரியவில்லை. பிறகு வரிசையாக உத்தரவு போட்டார். சின்னச் சின்னத் துண்டாகச் சாப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் மெல்ல வேண்டும். படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், கைதவறினாலும் உடையாது. தினமும் சத்தமாகப் படிக்க வேண்டும், விசில் போய்விடும். அதெல்லாம் சரி. கடைசியாகச் சொன்னதில்தான் என் பிழைப்பே மாட்டிக்கொண்டது.

"முன்பல்லால கடிக்காதீங்கம்மா. முன்னாடி அழுத்தினா பின்னாடி செட்டு கழண்டு இறங்கிடும்."

"முன்பல்லால கடிச்சாத்தான் டாக்டர் எனக்கு பிஸ்கட்டு தெரியும்."

"வேற வழி பழகிக்கணும். நாக்கும் மூக்கும் இன்னும் உங்களோடதுதானே. நான் பல்லைத்தானே மாத்தியிருக்கேன்."

மாலையில் செய்தித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு வானிலை முதல் வாடகை வீட்டு விளம்பரம் வரை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வீடு நன்றாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

தேர்வுக்கு முன் பழகிக்கொள்ளட்டும் என்று மேலாளர் என்னை மேஜையில் உட்கார வைத்தார். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இதுவரை என் இடத்தில் இருந்த ஸ்டோர்க்காரர் பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டார்.

முதல் பிஸ்கட். பத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாக முன்பல்லுக்குக் கொண்டுபோனது. படக்கென்று செட் கீழே இறங்கியது. வாயை மூடி, இருமுவதுபோல் பாவனை செய்து, நாக்கால் மேலே தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே செத்திருப்பேன்.

வரும் வழியில் மருந்துக்கடையில் ஒட்டும் பசை ஒன்று வாங்கினேன். பயன்படுத்திப் பார்த்தேன், ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. இனி கவலையில்லை.

மார்ச் 11, புதன்

இன்று பசை கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொண்டு போனேன். செட் அசையவில்லை. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பெரிய தப்பு ஒன்றைப் பிடித்தேன். பால் பிஸ்கட்டில் புதினா வாசனை. முதல் தட்டில் லேசாக. நாலாவது தட்டில் சந்தேகமே இல்லை. கடைசி வரிசையில் புதினா க்ரீம் பிஸ்கட் ஓடுகிறது, அந்த மாவு இதில் கலந்துவிட்டது என்று சொன்னேன். ஸ்டோர்க்காரரும் ஒன்றைக் கடித்துவிட்டு, "ஆமா, எனக்கும் அடிக்குது" என்றார். மேலாளர் அடுப்பை நிறுத்தச் சொன்னார். நாற்பது நிமிடம். அடுப்பு மேஸ்திரி மாவுத் தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் என்றைக்குமே ஆகாது. நூற்றுப்பத்து தட்டு திரும்பியது. பழைய நீதிபதி வந்தாச்சு என்று பேக்கிங்கில் பேசிக்கொண்டார்களாம்.

அரை மணி கழித்து —

செட்டைக் கழுவக் கழற்றினேன். முகர்ந்தேன். ஐயோ. பசை. புதினா வாசனைப் பசை. டியூபுலயே இலை படம் போட்டிருக்கு. அதை நான் பாக்கவே இல்லை. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன். நாப்பது நிமிஷம் ஆலையே நின்னுச்சே. அந்த ஸ்டோர்க்காரருக்கு என்ன வந்துச்சு, அவரு எந்தப் பசையைத் தின்னாரு?

மார்ச் 12, வியாழன்

மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப் போயிற்று. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை, அவள் சிரிக்கவில்லை. "நீங்களே வந்து சொன்னீங்க, அதுவே போதும்க்கா. ஆனா டெஸ்ட் வரைக்கும் மேஜை வேணாம்."

மறுபடி லேபிள். ஸ்டோர்க்காரர் இன்னமும் "இல்லம்மா, எனக்கு நிஜமாவே அடிச்சுது" என்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

மதியம் அடுப்பு மேஸ்திரி ஒரு தகர டப்பாவோடு லேபிள் அறைக்கு வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நீதிபதியம்மா, வாசனை இல்லாத பசையும் விக்கிறாங்க" என்றார். "ஆனா உங்களுக்குப் பசையே வேணாம். செட்டு நல்லா உக்காந்திருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதவைச் சாத்திவிட்டுக் குழாயடிக்குத் திரும்பி நின்றார். இரண்டு நிமிடம் தண்ணீர்ச் சத்தம். திரும்பினால் வேறொரு மனிதர் நிற்கிறார். உதடு உள்ளே போய், மோவாய் மேலே ஏறி, எழுபது வயது. மறுபடி திரும்பினார். மறுபடி மேஸ்திரி. மேலும் கீழும், ரெண்டு செட்டும், ஒன்பது வருடமாக.

ஒன்பது வருடமாக அந்தப் பல்லைப் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். வேக்காடு அரை நிமிடம் கூடினால் கண்டுபிடிக்கிறவள். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட நூறு மடங்கு சந்தோஷமாக இருந்தது. எனக்கே தெரியவில்லை என்றால் ஊருக்கு எப்படித் தெரியும்?

டப்பாவில் மூன்று அடுக்கு பிஸ்கட் வைத்திருந்தார். அரை நிமிடம் கம்மி, சரியானது, அரை நிமிடம் ஜாஸ்தி. "வீட்ல பழகுங்க. முன்னாடி கடிக்காதீங்க. ஓரமா, கோரைப்பல்லு கிட்ட வெச்சு ஒடைங்க. ஒடைக்கிறப்போ நாக்கோட பின்பக்கத்தால செட்டை மேல தாங்கிக்குங்க."

"எனக்கு எதுக்கு மேஸ்திரி இவ்வளவு பண்றீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அந்த ஸ்டோர்க்காரர் சரியில்லைன்னு எழுதறாரு. என்ன சரியில்லைன்னு கேட்டா, தோணுச்சுங்கிறாரு. நீங்க மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாலும் சூடு ஜாஸ்தி, மாவுல ஈரம்னு காரணத்தோட சொல்லுவீங்க. அதை வெச்சு நான் அடுப்பைத் திருத்திடுவேன். இந்த நாலு மாசமா எதைத் திருத்துறதுன்னே தெரியாம நிக்கிறேன்."

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்காரர்தான் தேர்வு அதிகாரி. காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டு தயார் செய்கிறார். எது எதுவென்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், எட்டிப் பார்த்தால் முறைக்கிறார். மீந்ததைத் தின்று சாட்சியத்தை அழிப்பதும் அவரே. முதல் நாள் ஐந்து. நேற்று ஆறு. இன்று ஏழு.

ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் மொறுமொறுப்பு எனக்கு மேல்பல் வழியாகக் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது செட் அந்தச் சத்தத்தை அடக்கிவிடுகிறது. ஆனால் கீழ்த்தாடை வழியாக வேறொரு சத்தம் வருகிறது, கொஞ்சம் தடித்த சத்தம். அதிலும் அரை நிமிட வித்தியாசம் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

எட்டு. மூன்று தடவையும் எட்டுதான். ஒன்பதாவது எங்கே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது?

ஆனால் மத்தியானம் ஒரு முழு ஆப்பிள் சாப்பிட்டேன், தோலோடு, துண்டு போட்டு. மாசக்கணக்காகக் குழைந்த சோறும் ஊறிய ரொட்டியுமாகக் கிடந்த வாய்க்குத் திருவிழா.

மார்ச் 25, புதன்

காலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் வேனில் பிள்ளைகளை ஏற்றும் முன் என்னை ஆலை வாசலில் இறக்கிவிட்டார். "எட்டு வந்தாலும் வீட்டுக்கு வா" என்றார். இதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல்.

அறையில் நானும் ஸ்டோர்க்காரரும். பசை போடவில்லை. முதல் மூன்று தட்டில் எந்தச் சத்தமும் பிடிபடவில்லை. வாயில் வந்ததை எழுதினேன். நான்காவது தட்டில் ஓரமாக வைத்து உடைத்தேன். அந்தத் தடித்த சத்தம் பளிச்சென்று வந்தது. அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். ஏழாவது தட்டில் மூன்றும் ஒன்றுபோல் இருந்தன. தண்ணீர் குடித்து, மறுபடி கடித்து, நடுவிலிருப்பதில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்று பட்டது. வேக்காடு இல்லை, உப்பு. நாக்குதான் சொன்னது. எழுதினேன்.

மேலாளர் இரண்டு தாளையும் திருத்தினாள். ஸ்டோர்க்காரர் ஆறு. "அப்பாடா, நான் ஸ்டோருக்கே போயிடறேன்" என்று எழுந்து எனக்குக் கை கொடுத்தார், பாவம் நல்ல மனுஷன். என் தாளை அவள் இரண்டு முறை எண்ணினாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து, அக்கா."

நான் சிரித்தேன். அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்தத் தெத்துப்பல் உட்பட அத்தனையும் தெரியச் சிரித்தேன். மேலாளரும் சேர்ந்துகொண்டாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 22, புதன்

இரண்டாம் அடுப்பில் இடது மூலை இன்னும் சரியாகவில்லை. இன்று நான்கு தட்டு திருப்பினேன். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். எனக்குக் கண் தெரியவில்லை என்றார். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை என்றேன். கேன்டீனிலும் தொடர்ந்தது. வறுத்த கடலையை ஆளுக்கொரு கை அள்ளி மென்றுகொண்டே அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் மூலையில் ஒரு பர்னர் அடைத்திருக்கிறது என்று அவரே போய்ப் பார்த்து ஒத்துக்கொண்டார். சாயங்காலம் தங்கை போன் செய்தாள், ஒரு மணி நேரம் ஊர்க்கதை. நாளை ஏழு மணிக்கே போக வேண்டும், புது இஞ்சி பிஸ்கட் முதல் ஓட்டம்.

பல்லைப் பற்றி ஏதாவது எழுதலாம் என்று யோசித்தேன். காலையில் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் இந்த வரி வரைக்கும் அதை நினைக்கவே இல்லை.