மேமரத்தின் மீது இருந்த கை

ஏப்ரல் 18, சனி
முட்டை முப்பது. ஒன்றில் விரிசல், கடைக்காரி மாற்றிக் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் கோர்பினியன் மியூனிக்கிலிருந்து வந்துவிட்டார். மே ஒன்பதில் கட்சிக் கூட்டம். மாநிலச் சட்டமன்றத்துக்கு மூன்றாம் முறையும் இவரையே நிறுத்துவதா, கால்நடை மருத்துவர் ரைன்டலை நிறுத்துவதா என்று நாற்பத்தொரு பேர் ஓட்டுப் போடுவார்கள். பீர்ப் பந்தல் மேடையில் ஏறி, "ஃபிராங்கோனியா ஒயின் புண் கழுவத்தான் ஆகும்" என்று பேசி அந்த ஒயின் வட்டாரத்தாரிடம் இவர் தேடிக்கொண்ட பகையே இன்னும் ஆறவில்லை.

"ஜனங்களோட ஜனமா நிக்கணும் புர்கி" என்று, ஊர் மேமரத்துக்குக் காவலிருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மே முதல் நாள் விழாவுக்கு ஊர் நடுவில் நடும் வரை, வெட்டிச் சீவிய அந்த முப்பது மீட்டர் மரம் எங்கள் கொட்டகையில்தான். பக்கத்து ஊர் ஹின்டர்மூஸ்காரர்கள் திருட வருவார்கள். திருடிவிட்டால் பீரும் பன்றி வறுவலும் கொடுத்து மீட்க வேண்டும். வருடா வருடம் உள்ளதுதான்.

ஏப்ரல் 21, செவ்வாய்
மரம் போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. இவர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். மேமரத்துக்குப் போலீஸ்! மாதாவே.

ஏப்ரல் 22, புதன்
பத்திரிகையில் முதல் பக்கம். ரொட்டிக் கடைக்காரி க்ரெஸென்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன புர்கி, ரொட்டியைக் கொண்டுபோகத் துணைக்குப் போலீஸ் வருதா?"

"கொட்டகைப் பூட்டை உடைத்துத் திருடினார்கள்" என்று இவர் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார். எப்போதும்போல நான்தான் தட்டச்சு செய்தேன். எங்கள் கொட்டகைக்குப் பூட்டு ஏது? மரத் தாழ்ப்பாள்தானே? அடிக்கும்போதே தெரிந்தது. ஏன் கேட்கவில்லை நான்?

ஏப்ரல் 23, வியாழன்
ஹின்டர்மூஸ் இளைஞர் சங்கத் தலைவன் குவிரின் போன் செய்தான். குழாய் வேலைக்காரன், போன குளிர்காலத்தில் எங்கள் அடுப்படிக் குழாயைச் சரிசெய்தவன்.

"போலீஸ் வந்ததைக்கூட விடுங்கக்கா. பூட்டை உடைச்சோம்னு சொல்லிட்டாரே! நாங்க என்ன திருடனுங்களா?"

"மரத்தைத் திருடினது யாருப்பா?"

"அது வேற!"

அவன் சொல்வது சரி. அது வேறுதான். அந்த ஊருக்குக் கட்சிக் கூட்டத்தில் ஐந்து ஓட்டு.

ஏப்ரல் 25, சனி
கொட்டகையைப் பெருக்கினேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு தலையணை. நீலப் பூவேலை, ஓரத்தில் 'ஹின்டர்மூஸ் விடுதி' என்று தையல்.

அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"கண்ணசந்துட்டேன் புர்கி. முழிச்சா மரம் இல்ல, தலைக்கடியில இது இருக்கு. அந்தப் பயலுங்கதான் வச்சுட்டுப் போயிருக்கானுங்க."

சிரித்துவிட்டேன். கட்டின புருஷனைப் பார்த்து அப்படிச் சிரித்தது தப்புதான். மூச்சு திரும்பியதும் கேட்டேன், எப்படிப் படுத்திருந்தீர்கள் என்று.

"மரத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு."

கட்டிப்பிடித்துக்கொண்டா! காவல்காரன் கை மரத்தின் மேல் இருந்தால் யாரும் அதைத் தொடக் கூடாதே. அதுதானே முறை? முறை தவறியது அவர்கள்!

"சொல்லிடுங்க" என்றேன்.

"அதைச் சொன்னா தூங்கினதையும் சொல்லணுமே! விழிப்பா இருங்கன்னு எட்டு வருஷமா மேடை மேடையா கத்தினவன் நான். ரைன்டல் சுவரொட்டியே அடிச்சிடுவான்."

"அப்ப பூட்டு?"

எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு
பூசையில் 'என் பாவமே' சொல்லும்போது மார்பில் தட்டிக்கொண்டார். வழக்கத்தைவிடப் பலமாக.

ஏப்ரல் 28, செவ்வாய்
போலீஸ் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஹின்டர்மூஸ் விடுதிக்குப் போனார். நானும் கூடப் போனேன். வழியில் மனசு மாறினால்?

நாற்பது பேர் முன்னால் நின்று சொன்னார். "பூட்டே கிடையாது. பொய் சொல்லிட்டேன். நல்லாத் தூங்கிட்டேன். ஆனா என் கை மரத்து மேலதான் இருந்துச்சு."

குவிரினின் காது மடல் சிவந்தது.

"இருந்துச்சு அண்ணே. விரல் விரலா நான்தான் எடுத்தேன். அப்ப நீங்க, 'போர்வையை இழுக்காத புர்கி'ன்னீங்க."

ஓடு பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. நான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். இரண்டு பக்கமும் தப்பு என்று முடிவாயிற்று: மரத்தை மீட்கப் பாதி பீர், முழு வறுவல், பரிமாற வேண்டியது இவர். ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறினார். அழகாகத்தான் இருந்தார்.

மே 1, வெள்ளி
மரம் நட்டாயிற்று. தூறல்.

மே 9, சனி
ரைன்டல் இருபத்திரண்டு. இவர் பத்தொன்பது.

ஹின்டர்மூஸின் ஐந்தும் இவருக்குத்தான். குவிரின் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். நம் ஊருக்கு ஆறு ஓட்டு, அதுதான் கைநழுவியது. அதில் க்ரெஸென்ஸும் ஒருத்தி. வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கோவிச்சுக்காத புர்கி. போலீசைக்கூட மன்னிச்சுடலாம். நம்ம மரத்துப் பக்கத்துலயே குறட்டை விட்டுட்டாரேடீ!"

நான் சும்மா இருந்திருந்தால் இவர் ஜெயித்திருப்பாரோ? ஜெபமாலை முழுக்க இதே கேள்வி. நாலாம் தேவரகசியத்தை இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

மே 12, செவ்வாய்
காலையில் பத்திரிகையிலிருந்து போன். தோல்விக்குக் காரணம் கேட்டார்கள். பழக்கத்தில் நான் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினேன். சதி, வதந்தி, கீழறுப்பு என்று ஒரு பக்கமாவது வரும். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ரிசீவரில் சொன்னார்:

"ஓட்டுப் பத்தலை."

வைத்துவிட்டு, மீதிக் காப்பியைக் குடித்தார்.

எட்டு வருடத்தில் இவர் பத்திரிகைக்குச் சொன்னதில், நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாத முதல் வாக்கியம் இது.