அரை மணிக்கொரு எண்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவுக்கு முதுகெலும்பில் கட்டி. வலிக்கு மார்ஃபின் தொடங்கி ஆறு நாளாகிறது. ஆய்வகத்தில் எலிகளுக்கு எழுதுவது போலவே அவளுக்கும் தாளில் கட்டம் போட்டிருக்கிறேன். அரை மணிக்கொரு தரம், பத்துக்கு எவ்வளவு வலி என்று. காலையில் நாலு, மதியம் எட்டு. அதே மாத்திரை, அதே அளவு. மாத்திரை அட்டையை மூன்று முறை எண்ணிவிட்டேன், தப்பே இல்லை. பிறகு ஏன்?

மார்ச் 5

டாக்டர் அளவைக் கூட்டினார். எட்டு குறையவில்லை. இதுவும் கேட்காவிட்டால் நாள் முழுக்க மயக்கத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்.

“தூங்கிக்கிட்டே போய்ச் சேரவா நான் இவ்வளவு பாடு படுறேன்?” என்றாள் அக்கா. நான் அடுத்த கட்டத்தில் எட்டு என்று எழுதினேன்.

மார்ச் 6

எட்டு. எட்டு. ஒன்பது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கிறது.

மார்ச் 8

ஆய்வகத்தில் வேலை. பகல் முழுக்கப் பக்கத்து வீட்டம்மா அக்காவோடு சீட்டாடியிருக்கிறார். கட்டங்கள் எல்லாம் காலி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏதோ லேசா இருந்துச்சு, விடுடி,” என்றாள் அக்கா. லேசாகவா? எப்படி?

மார்ச் 9

பேராசிரியரிடம் கேட்டேன். வலி வரப்போகிறது என்று பயந்தாலே மூளையில் பெப்டைடு என்று ஒரு பொருள் சுரக்குமாம். மார்ஃபினுக்கு அது பிரேக் போடுமாம். இந்தக் கட்டியோடு படுத்திருப்பவள் பயப்படாமல் எப்படி இருப்பாள் என்றேன். அவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். “எலிகிட்ட வலிக்குதான்னு நீங்க கேக்குறதில்லையேம்மா,” என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் வேலை ஓடவில்லை.

நானா? கேட்டுக் கேட்டு அவளைப் பயமுறுத்தியது நானேவா? கேட்காமல் விட்டால் அவள் வலியை யார் பார்ப்பது? ஒன்றும் புரியல. ஒண்ணுமே புரியல.

மார்ச் 10

அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் சிரிக்கிறாள்.

“நீ பென்சிலை எடுத்தாலே எனக்கு இடுப்பு இறுகிடும்டி. பாவம், பாசமாச் செய்யுறாளேன்னு சொல்லல.”

வலித்தால் அவளே கூப்பிடுவதாக ஒப்பந்தம். தாளை மடித்து வைத்துவிட்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 14

இன்று அக்கா இரண்டு முறைதான் கூப்பிட்டாள். இது பெப்டைடா, சீட்டாட்டமா, நல்ல நாளா? தெரியவில்லை.

மார்ச் 17

டாக்டர் வந்தார். அளவைக் கூட்டவில்லை. பத்துக்கு எத்தனை என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அக்கா என் பென்சிலைக் கொண்டையில் செருகியிருந்தாள், கையில் சீட்டு. கொஞ்சம் யோசித்தாள்.

“மறந்தே போயிட்டேன் டாக்டர்.”